நானூற்றுப் பன்னிரண்டில் எழுந்த தங்கம்

2024 மே 23, வியாழக்கிழமை, காலை எட்டு நாற்பது. மகாபலிபுரத்தில் வானம் மூடிக் கிடந்தது. மழை இல்லை, கடல் காற்றும் இல்லை. கத்திரி முடிய இன்னும் ஐந்து நாள் பாக்கி. பேருந்து நிலையத்தில் நின்றபோதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எட்டரைக்கு வர வேண்டிய செங்கல்பட்டு வண்டி அப்போதுதான் திரும்பி உள்ளே வந்தது. படி உயரமாக இருக்குமோ, உட்கார இடம் கிடைக்குமோ, திருக்கழுக்குன்றத்தில் ஏதாவது திருவிழா என்று வண்டியைச் சுற்றி விடுவார்களோ என்று மூன்று கவலைகளோடு ஏறினேன். மூன்றும் வீண். வண்டியில் ஒன்பது பேர்தான் இருந்தோம்.

நான்காவது கவலை ஒன்று உண்டு. இருபத்தைந்து வருடங்களாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அன்றாவது கேட்பேனா என்பது.

மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை, அந்தக் கேள்விக்கு உரியவரே தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். ஓய்வூதியர் சங்கத்தில் கேட்டு என் எண்ணை வாங்கியதாகச் சொன்னார். பெயர் சொல்வதற்கு முன்பே குரல் தெரிந்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுக்கும் பேராசிரியை. அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்.

"ஸ்டோர் ரூமைக் காலி பண்ணிக் கம்ப்யூட்டர் போடப் போறாங்க சார். கல்லை எல்லாம் ஏரிக்கரையில கொட்டிடலாம்னு சொல்றாங்க. உங்களுக்கு அனுப்பின பவுடரோட மீதி எல்லாம் அப்படியே டப்பியில இருக்கு. எனக்குக் கொட்ட மனசு வரலை. நீங்க வந்து பாக்குறீங்களா?"

வருகிறேன் என்றேன். வைத்த பிறகுதான், எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

என் வேலை கல்லில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணுவது. கடலோரத்தில் இருந்த எங்கள் ஆராய்ச்சி வளாகத்தில் முப்பத்து மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். கல்லை மாவாக அரைத்து, அதில் ஐம்பது மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவாக, ஒரு சின்ன பாலிதீன் டப்பியில் அடைத்து அணு உலைக்குள் அனுப்புவோம். அங்கே நியூட்ரான்கள் அந்த மாவின் அணுக்களுக்குள் நுழையும். நுழைந்ததும் சில அணுக்கள் நிலைகொள்ளாமல் ஆகிவிடும். வெளியே எடுத்தபின் அவை காமா கதிரை விட்டுவிட்டு அடங்கும். ஒவ்வொரு தனிமமும் விடும் கதிருக்கு அதற்கே உரிய ஓர் ஆற்றல் உண்டு. ஒன்றுடையது மற்றொன்றுக்கு வராது. திரவ நைட்ரஜனில் குளிர வைத்த டிடெக்டர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணும். திரையில் ஊசி ஊசியாகக் கோடுகள் எழும். பீக் என்போம். எந்த எண்ணில் பீக் எழுகிறது என்று பார்த்தால் என்ன தனிமம் என்று தெரியும். எத்தனை உயரம் என்று பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். கல்லை அமிலத்தில் கரைக்க வேண்டாம்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அவர் முனைவர் பட்டத்துக்காகச் செங்கல்பட்டுக் குன்றுகளின் கல்லையும் மகாபலிபுரக் கரையின் கல்லையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் பார்வைக்கு ஒரே கருங்கல். உள்ளே இருக்கும் அரிய தனிமங்களின் விகிதத்தில் வித்தியாசம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. கல்லூரியிலேயே அரைத்துச் சலித்து, ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் பேருந்தில் கொண்டுவருவார். வெளியாள் என்பதால் வளாகத்துக்குள் விடமாட்டார்கள். வாசலில் வரவேற்பறை. இரண்டு பிரம்பு நாற்காலி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. நான் உள்ளிருந்து சைக்கிளில் வந்து டப்பிகளை வாங்கிக்கொள்வேன், போன முறை கல்லின் முடிவுகளைக் கொடுப்பேன். பத்து நிமிட வேலை. நாங்கள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்போம்.

"சோடியம் அடங்கிடுச்சா சார்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். உலையிலிருந்து வந்த புதிதில் கல்லில் இருக்கும் சோடியம் போடும் கூச்சலில் வேறு எதுவும் காதில் விழாது. பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். ஒரு வாரம் பொறுத்திருந்தால்தான் லாந்தனம், சமேரியம், யூரோப்பியம் எல்லாம் பேசுவது கேட்கும். இதை நான் விளக்கியபோது, "எங்க ஸ்டாஃப் ரூம்லயும் ஒரு சோடியம் இருக்காங்க சார். ரிட்டயர் ஆனாதான் அடங்குவாங்க" என்றார். எனக்கு நாற்பத்தொரு வயது, அவருக்கு முப்பத்தைந்து. அன்று நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கவுண்டிங் அறைவரை சிரித்தபடி போனதாக உடன் வேலை செய்தவர்கள் பல நாள் சொல்லிக் கேலி செய்தார்கள்.

எனக்கு மூன்று தங்கைகள். கடைசித் தங்கையின் கல்யாணம் அந்தத் தை மாதம்தான் முடிந்திருந்தது. அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்கள் இருவருக்குமே அந்த வயதுவரை கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பத்தொன்பது வியாழக்கிழமைகள் அப்படிப் போயின. ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் பெரிய தங்கையையும் மாப்பிள்ளையையும் அவர் வீட்டுக்கு அனுப்பிப் பேசச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஆடியில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று பொறுத்திருந்தேன்.

அந்த ஆடியில் அவர் பதினொரு டப்பிகள் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அவசரமாக இருந்தார். உட்காரவில்லை, வாசலிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பேருந்துக்கு ஓடினார். ஒரு வாரம் கழித்து எண்ணும்போது, நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு பீக் எழுந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு என்றால் தங்கம். நியூட்ரானுக்குத் தங்கத்தைப் போல வசப்படுவது குறைவு. கோடியில் ஒரு பங்கு இருந்தால்கூடக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் எங்கள் அறை வாசலில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கும். உள்ளே நுழைகிறவர்கள் மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றி அதில் போட வேண்டும். இயக்குநரே வந்தாலும் கழற்ற வேண்டும். ஒருமுறை ஒருவர் கல்யாண மோதிரம் கழற்ற வராமல் சோப்பு போட்டு இழுத்து, விரல் வீங்கி, அப்படியே திரும்பிப் போனார்.

அவருடைய பழைய கல் எதிலும் தங்கம் இல்லை. இப்போது பதினொன்றிலும் இருந்தது. கல்லுக்குள்ளேயே இருக்கும் தங்கம் இப்படி வராது; ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் ஒன்றுமே இல்லை என்று தாறுமாறாக வரும். இது பதினொன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கருங்கல் மாவு தங்கத்தைவிடக் கடினமானது. மோதிரம் போட்ட விரலால் சல்லடையில் மாவைத் தள்ளினால் உரசி ஒட்டிக்கொள்ளும். ஆக, இதுவரை மோதிரம் போடாத கையில் மோதிரம் ஏறியிருக்கிறது.

அந்த வயதுப் பெண்ணின் விரலில் புதிதாக மோதிரம் ஏறினால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவசரமாக ஓடியதும் சேர்ந்துகொண்டது. அந்த பீக்கை மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவையும் அது இருந்தது.

முடிவுத் தாளில் மற்ற தனிமங்களையெல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் "தங்கம்: மாசு. கணக்கில் எடுக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்துத் தபாலில் அனுப்பினேன். அடுத்து வந்த டப்பிகளில் தங்கம் இல்லை. வேலை செய்யும்போது கழற்றி வைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வரவேற்பறைக்கு நான் போகவில்லை. ஓர் இளைய உதவியாளரை அனுப்பி டப்பிகளை வாங்கிவரச் சொன்னேன். அடுத்த வருடம் அவருடைய ஆய்வு முடிந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்காக என்று சொன்னால் பொய்யாகிவிடும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது, போய்விட்டது. ஆனால் யார் அந்த மாப்பிள்ளை, நல்லவரா, எந்த ஊர் என்று எத்தனையோ மாலைகளில் நினைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை உலகத்தில் அந்தச் செய்தி முதலில் வந்து சேர்ந்தது ஒரு டிடெக்டருக்கு. அதை வைத்துக்கொண்டு நான் யாரிடமும் விசாரிக்கவும் முடியாது.

செங்கல்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். கல்லூரி விடுமுறையில் இருந்தது. பின்கட்டில் ஒரு நீள அறை. வாசலில் அவர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் முதலில் பார்த்தது விரல்களை. மோதிரம் இல்லை. கழுத்தில் தாலிச் சரடு இருந்தது.

"இளைச்சுட்டீங்க சார்" என்றார்.

"சுகர். பதினொரு வருஷமா."

"எனக்கு ஆறு. உக்காருங்க, அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க."

ஒரு மணி நேரம் டப்பிகளை எடுத்துத் துடைத்து வரிசைப்படுத்தினோம். உலைக்குள் போனவை திரும்பி வருவதில்லை, அவை கழிவோடு போய்விடும். இவை அரைத்ததில் மிஞ்சிய மீதி. ஒவ்வொன்றின் மேலும் எடுத்த இடமும் சலித்த தேதியும் அவர் கையெழுத்தில். திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஒரு குவாரி. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பாறை. ஏரி மதகுக்கு அருகில். எந்தக் கல்லை எந்த வெயிலில் உடைத்தார், எங்கே நாய் துரத்தியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு எல்லாம் ஏற்கனவே தெரியும். வரவேற்பறையில் சொல்லியிருக்கிறார். சொல்லாததுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பதினொன்றும் ஒரே பெட்டியில் வந்தன. இப்போது கேட்காவிட்டால் இனி இல்லை என்று தோன்றியது.

"இதைச் சலிக்கும்போது நீங்க மோதிரம் போட்டிருந்தீங்க" என்றேன்.

"மோதிரமா?"

"தங்க மோதிரம். புதுசா."

அவர் யோசித்தார். பிறகு கைக்குட்டையை அவிழ்த்தார்.

"புதுசு இல்லை சார். எங்கம்மாவோட கல்யாண மோதிரம். அதுக்கு அப்பவே நாப்பது வயசு. அம்மாவுக்கு அந்த மாசம்தான் பக்கவாதம் வந்தது. கை வீங்கிப் போய் ஆஸ்பத்திரியில கழட்டச் சொன்னாங்க. எங்க வைக்கிறதுன்னு தெரியாம நான் விரல்ல போட்டுக்கிட்டேன். ராத்திரி ஆஸ்பத்திரி, பகல்ல இங்க. அந்த நேரத்துலதான் இதைச் சலிச்சேன், உங்களுக்கு டிலே ஆயிடக் கூடாதுன்னு. மாசுன்னு நீங்க எழுதினதைப் பாத்துட்டுக் கழட்டி பீரோவுல வச்சேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

"நிச்சயதார்த்தம்னு."

ஒரு டப்பியை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார். ஜூலை இருபத்தேழு என்று இருந்தது.

"ஆடி மாசத்துல யார் சார் நிச்சயம் பண்ணுவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். ஆவணி பிறக்கட்டும் என்று ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு ஆடி தெரியாமல் இல்லை. அந்த பீக்கைப் பார்த்த பிறகு மாதத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றேன்.

"எல்லாரும் எங்க பாத்தாங்க? காலேஜ்ல ஒருத்தர் என் கையைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கலை. பாத்தது நீங்க ஒருத்தர்தான். இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு." அவர் டப்பியைப் பெட்டியில் வைத்தார். "அதுக்கு அப்புறமும் நாலு வியாழக்கிழமை நானே வந்தேன் சார். கூப்பிடச் சொன்னா, மீட்டிங்ல இருக்கார்னு சொன்னாங்க."

"மீட்டிங் ஒண்ணும் இல்லை."

"தெரியும்" என்றார்.

அறையில் மின்விசிறி ஓடாதது அப்போதுதான் தெரிந்தது. அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே ஒரு ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"வீட்டுக்காரர் வந்துட்டார்" என்றார். "குட்டி யானை வண்டி வச்சிருக்கார். கல்லை உங்க வீட்டுல இறக்கிடுவார். இடம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். மாடிப்படிக்குக் கீழே எத்தனை மூட்டை வைக்கலாம் என்று அந்த நேரத்திலும் மனம் கணக்குப் போட்டது. நான்கு.

வந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பருத்த உடம்பு, தோளில் துண்டு. மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊர்ல இருக்கிற கல்லு பத்தாதுன்னு இத்த வேற வூட்டுக்கு எடுத்துகினு போறீங்களா?" என்றார்.

"நீங்க சும்மா ஏத்துங்க" என்றார் அவர் மனைவி.

"ஏத்துறேன் டீச்சரம்மா, ஏத்துறேன். இருபது வருசமா கல்லோடதான குடும்பம் நடத்திகினு கீறேன்."

சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று மனைவி கல்லூரியிலேயே நின்றுவிட்டார். விடைபெறும்போது என்னிடம், "மழை ஈரம் படாம வைங்க சார், லேபிள் அழிஞ்சிடும்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல வேண்டும் என்று வண்டி தெருமுனை திரும்பும்வரை தோன்றவில்லை. அதன் பிறகு நிறையத் தோன்றியது.

வழியெல்லாம் கணவர் பேசிக்கொண்டே வந்தார். பூர்வீகம் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமம். நிலத்தை விற்று வண்டி வாங்கியவர்கள். முதல் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாளாம்.

"அப்போ நான் அம்பாசிடர் ஓட்டிகினு இருந்தேன் சார். டீச்சரோட அம்மாவுக்குக் கை கால் வராம போச்சு. வாரத்துக்கு ரெண்டு தபா பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். நான்தான் போவேன். கிழவியத் தூக்கி சீட்ல ஒக்கார வைக்க ஆள் வேணும்ல. மூணு வருசம்."

"மூணு வருஷமா?"

"மூணு வருசம் சார். ஒரு நா திரும்பி வர்றப்போ கேட்டுட்டேன். மனசுல வச்சிகினு வண்டி ஓட்டுனா ஆக்சிடென்ட் ஆயிடும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சு சொல்றேன்னாங்க. எட்டு மாசம் யோசிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, வேற ஒருத்தர் கேப்பாருன்னு பாத்துகினு இருந்தேன், அவரு கேக்கல, சரி, நீங்க அம்மாகிட்ட பேசுங்கன்னாங்க." கியரை மாற்றினார். திருக்கழுக்குன்றம் மலை வலப்பக்கம் வந்துவிட்டிருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டார். "அது நீங்கதான சார்?"

"ஆமாம்" என்றேன்.

"நெனச்சேன். காலைல ரெண்டு பொடவ மாத்திச்சு." ஓரமாக வண்டியை நிறுத்தினார். "நல்ல வேள சார், நீங்க கேக்கல. கேட்டிருந்தா நான் பேஜாராயிருப்பேன். வாங்க, டீ சாப்பிடலாம்."

சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்கு அது உண்மையாகவே நல்ல வேளை. கடைக்காரரிடம் எனக்குச் சர்க்கரை இல்லாமல் போடச் சொன்னார், நான் சொல்லாமலேயே. வீட்டில் மனைவிக்கு அப்படிச் சொல்லிப் பழகிய வாய். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் மோதிரம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்க பொண்ணு போட்டுகினு கீது சார். காலேஜ் போறப்பவும் அதான், தூங்கறப்பவும் அதான். கழட்டுன்னா கழட்டாது."

பெண் இருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். கணக்கு என்றார். அவள் அம்மாவைப் போல இருப்பாளா என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

"சிரிச்சா அப்படியேதான்" என்றார்.

பகல் இரண்டு பத்துக்கு வீடு வந்தோம். நான்கு மூட்டைகளையும் அவரே இறக்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினார். டப்பிப் பெட்டிகளை மட்டும் நான் உள்ளே கொண்டுபோனேன். கைகழுவத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்டதற்கு முதலில் தலையை ஆட்டி மறுத்தார், பிறகு, "டீசலுக்கு மட்டும் அறுநூறு குடுங்க சார், தொழிலு இது" என்று வாங்கிக்கொண்டார். வீட்டுப் பக்கம் வந்தால் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பதினொரு டப்பிகளும் என் மேஜையில் இருக்கின்றன. மூடி திறக்கவில்லை. கண்ணுக்கு அது சாம்பல் நிற மாவு மட்டும்தான். அதில் இருக்கும் தங்கத்தைக் காட்டுவதற்கு இனி எனக்கு உலையும் இல்லை, டிடெக்டரும் இல்லை. இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, தூக்கம் இல்லாமல், எனக்குத் தாமதமாகிவிடக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து சலித்தது என்றும் இப்போது தெரியும். மாலையில் கடல் காற்று வந்தபோது ஜன்னலை மூடிவிட்டு அவற்றின் எதிரில் உட்கார்ந்து, இருபதாவது வியாழக்கிழமை வரவேற்பறையில் நான் என்ன கேட்டிருப்பேன் என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே சுலபமான வாக்கியங்கள்.

அன்றைய செலவு: பேருந்துக்கு இருபத்தெட்டு, ஷேர் ஆட்டோவுக்கு இருபது, இரண்டு டீக்கு முப்பது, டீசலுக்கு அறுநூறு. மொத்தம் அறுநூற்று எழுபத்தெட்டு ரூபாய்.